பசை இன்னும் காயவில்லை

பழைய காரின் தகட்டை வெல்டிங் வைப்பதா, பசை போட்டு ஒட்டுவதா என்று யார் கேட்டாலும் நான் ஒட்டத்தான் சொல்வேன். வெல்டிங் வைத்தால் சூட்டில் தகடு நெளியும். பக்கத்துப் பெயிண்ட் கொப்பளிக்கும். உள்பக்கம் தீய்ந்த இடத்தில் அடுத்த மழைக்கே துரு ஏறும். இப்போது வருகிற பசை அப்படியில்லை. இரண்டு குழாயையும் பிதுக்கிக் கலந்து தடவி, கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டால் போதும். காய்ந்த பிறகு தகடு கிழிந்தாலும் கிழியும், ஒட்டு விடாது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு, ஐயா. யோசிக்காமல் காரியம் செய்கிற ஆள் என்று நீங்கள் என்னை நினைத்துவிடக் கூடாது.

அது அப்பா வாங்கிய பழைய பியட் கார். வெம்பக்கோட்டைப் பக்கம் எங்கள் பட்டாசுக் கம்பெனி ஆபீஸை ஒட்டி ஒரு கொட்டகை போட்டு அதில் நிறுத்தியிருந்தேன். பின்கதவுக்குக் கீழே ஓடுகிற தகடு அரித்துப்போயிருந்தது. சிவகாசியில் ஒர்க்‌ஷாப்பில் விட மனசு வரவில்லை. கிரீஸ் கையோடு ஏறி உட்காருவார்கள், எச்சிலைக் கதவு வழியாகத் துப்புவார்கள். சீட்டுக்கு அப்போதுதான் வெள்ளை உறை தைத்துப் போட்டிருந்தேன். அதனால் டிங்கர் வேலை பார்க்கும் ஆண்டிச்சாமியைக் கம்பெனிக்கே வரவழைத்தேன்.

“வெல்டிங் வச்சிட்டா சாயந்தரமே ஓட்டிட்டுப் போயிரலாம் மொதலாளி. இது காய ஒரு நாள் ஆவும்லா?” என்றான்.

“மருந்து இருக்குற எடத்துல பொறி பறக்க விடச் சொல்லுதியா? எம்புட்டுப் பேரு வேலை பாக்காக இங்கன” என்றேன். அவன் பசை போட்டு ஒட்டி, கிளாம்ப் மாட்டிவிட்டுப் போனான். தொழிலாளிகள் மேல் எனக்கு அக்கறை இல்லை என்கிறவர்கள் அவனைக் கேட்டுப் பார்க்கட்டும்.

அவர்களிடம் எனக்கு ஒரு பகையும் கிடையாது. பக்கத்தில் வந்தால்தான் முடியாது. அலுமினியப் பவுடர் ஏறிய விரலிடுக்கு, கந்தகமும் வியர்வையும் கலந்து வருகிற வாடை. அவர்கள் தொட்ட டம்ளரில் வரும் டீயை நான் வாங்கி வைத்துக்கொள்வேன், குடிக்க மாட்டேன். ஆள் போன பிறகு செடிக்கு ஊற்றிவிடுவேன். குமட்டல் என்பது உடம்பு வாகு. மனசு வேறு.

மறுநாள் மத்தியானம் வெடிமருந்து செலுத்துகிற அறை வெடித்தது. ஏன் வெடித்தது என்பது தனி விசாரணை, அதற்குள் நான் போகவில்லை. உள்ளே வேலுத்தாய் மட்டும்தான் இருந்தாள். அவளே நடந்து வெளியே வந்தாள். சேலையில் எது துணி, எது தோல் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கையிலிருந்து ஏதோ தொங்கியது. முதலில் ரவிக்கைத் துணி என்று நினைத்தேன். அது துணி இல்லை. போர்மேன் சிவபாண்டி அவளை வேப்பமரத்தடியில் உட்காரவைத்தான். பேக்கிங்கில் வேலை பார்க்கும் அவள் மகள் மாரிச்செல்வி, தொடுவதற்கு இடம் தெரியாமல் கையை நீட்டுவதும் இழுப்பதுமாக நின்றாள்.

கம்பெனி வேன் லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்தது. என் இன்னொரு காரை மனைவி மதுரைக்கு எடுத்துப் போயிருந்தாள். ஆம்புலன்ஸ் வேறு கேசுக்குப் போயிருக்கிறது, வர நேரமாகும் என்று போனில் சொன்னார்கள்.

“மொதலாளி, பியட்ட எடுத்துருவோம்” என்றான் சிவபாண்டி.

“ஒட்டு இன்னும் காயலலே. கிளாம்பு மாட்டியிருக்குறது தெரியலியா? பள்ளத்துல இறங்குனா கதவோட பேந்துக்கிட்டுப் போயிரும்.”

அவன் நம்பினான். மாரிச்செல்வி விடவில்லை. “பேந்தா பேரட்டும் மொதலாளி. எங்கம்மா விழாம நான் புடிச்சுக்கிடுதேன். கதவயும் சேத்துப் புடிச்சுக்கிடுதேன்” என்று என் சட்டைக்கையைப் பிடித்தாள். அவள் விரல்பட்ட இடத்தில் கரியும் ஈரமுமாக ஒட்டிக்கொண்டது. அந்தச் சட்டையை வீட்டுக்குப் போனதும் எரித்துவிட்டேன்.

அப்போது காற்று மரத்தடியிலிருந்து கொட்டகைப் பக்கம் அடித்தது. கருகிய முடி வாடை. நான் கொட்டகைக்குள் போனேன். “எம்மா, மொதலாளி வண்டி எடுக்காரும்மா” என்று அந்தப் பிள்ளை சொல்வது கேட்டது. திரும்பிப் பார்த்தேன். வேலுத்தாய் எழுந்து நின்றிருந்தாள். யாரும் தூக்கிவிடவில்லை, தானாகத்தான் எழுந்தாள்.

நான் வண்டிக் கண்ணாடிகளை ஏற்றினேன். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. பழைய வண்டி, கைப்பிடியைச் சுற்றித்தான் ஏற்ற வேண்டும், மெதுவாகத்தான் ஏறும். கடைசிக் கண்ணாடி ஏறி முடிகிறவரை அவள் நின்றுகொண்டே இருந்தாள். நான் வண்டியைப் பூட்டிவிட்டு வெளியே வந்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

வெகுநேரம் கழித்து ரோட்டில் போன தண்ணீர்க் கேன் லோடு ஆட்டோவைச் சிவபாண்டி மறித்து, கேன்களை இறக்கிவிட்டு அவளை ஏற்றினான். சிவகாசி போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னாராம். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

பசை காய்ந்திருந்ததா என்றுதானே கேட்கிறீர்கள்? காய்ந்திருந்தது. அன்று காலையிலேயே நகத்தால் கீறிப் பார்த்தேன், கல்லாக இருந்தது. என் முழு எடையும் கொடுத்து அந்தத் தகட்டின் மேல் ஏறி நின்றும் பார்த்தேன். அசையவில்லை. கிளாம்பைக் கழற்றவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் நீங்களே சொல்லுங்கள். உன் அம்மாவைப் பார்த்தால் எனக்குக் குமட்டுகிறது என்று ஒரு பிள்ளையிடம் முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா? அவள் மனசு என்ன பாடுபடும்? அவள் மனசு நோகக் கூடாது என்றுதான், ஐயா, பசை காயவில்லை என்று சொன்னேன்.