பத்தாம் நாள் எக்ஸ்ரே

— அப்புறம் அந்த ஷேக்கு என்னைக் கட்டிப்புடிச்சு, "ஜில்பேர், நீ விரிச்ச படுக்கையில படுத்தா எங்கம்மா மடியில படுத்தாப்ல இருக்குது"ன்னு அழுதுட்டாரு.

— ஷேக்கா அழுதாரு, பெரியவரே?

— அழுதாராவா! தலகாணிய புழிஞ்சா ஒரு குடம் தண்ணி. நானே உறை மாத்துனேன். தோகாவுல இருபத்திரெண்டு வருஷம் ஹோட்டல் வேலை, மிஸ்ஸியே. மூட்டைப்பூச்சி கூட எனக்கு சலாம் வச்சுட்டுத்தான் கடிக்கும்.

— உங்க பேச்சப் பாத்தா பிரெஞ்சு பென்ஷன்காரருன்னு நினைச்சேன்.

— ஆகியிருப்பேன்! நம்ம ஊர விட்டுப் போறப்ப, குடியுரிமை வேணும்னா ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் குடுக்கச் சொன்னான் பிரெஞ்சுக்காரன். எங்கப்பா என்ன மையில கையெழுத்துப் போடலாம்னு யோசிச்சாரு பாரு, ஏழாவது மாசம் வரைக்கும் யோசிச்சாரு. நான் பாரீசுக்குப் போகவேண்டியவன், பாலைவனத்துக்குப் போனேன். அத விடு. தம்பி பேரு?

— ஜெஸ்டின். இவரு எங்கண்ணன் ஆரோக்கியம். என்னை மீனம்பாக்கத்துல ஃப்ளைட் ஏத்திவிட பஸ்ல கூட வர்றாரு.

— ரெட்டைப் புள்ளைங்களா?

— இல்லீங்க, இவரு ஒன்றரை வருஷம் மூத்தவரு. நம்ம ஊரு மேட்டுப்பாளையத்துல வேலை பாத்த கம்பெனிய மூடிட்டான், சும்மாதான் இருக்காரு. நானும் தோகாவுக்குத்தான் போறேன், ரூம்பாய் வேலைக்கு. பீச்சுப் பக்கம் ஒரு ஹோட்டல்ல ஒன்பது வருஷம் பாத்தேன். போன வாரம் வேலைய விடுறேன்னு எழுதிக் குடுத்துட்டேன். என் எடத்துக்கு வேற ஆளும் வந்தாச்சு.

— வேலை பாத்த சர்ட்டிபிகேட்டு?

— முத்திரை எல்லாம் வாங்கியாச்சுங்க.

— மெடிக்கலு?

— சென்னையிலயே ஆச்சு. ஃபிட்டுன்னு குடுத்துட்டாங்க.

— அது டிரெயிலரு தம்பி. மெயின் படம் அங்கதான்.

— என்னங்க சொல்றீங்க?

— எறங்கி பத்து நாளுக்குள்ள திரும்ப ரத்தம், திரும்ப எக்ஸ்ரே. அதுல தேறுனாத்தான் அங்க தங்குற அட்டையே குடுப்பான். எங்கூட முருகையன்னு ஒருத்தன் வந்தான். ஆளு பனைமரம்! சின்ன வயசுல டிபி வந்து ஆறிப்போன தழும்பு, நெஞ்சுல கடுகு சைஸுக்கு. அவ்ளோதான், திருப்பி ஃப்ளைட்ல ஏத்திட்டான். அவன் ஊரு வந்து சேந்தப்ப, வழியனுப்பப் போனவங்க இன்னும் வீடு திரும்பல! ஹ ஹா!

— ஆறிப்போனதுக்குமா?

— தழும்பு இருந்தாப் போதும், பேச்சே கெடையாது. உனக்கென்ன, நீ ஃபிட்டு ஆளு! தோ, பிள்ளைச்சாவடி வந்துடுச்சு. நான் கொஞ்சம் கண்ண மூடுறேன். மாமல்லபுரத்துல எழுப்புங்க.

— அண்ணே. கேட்டியா?

— மெதுவாப் பேசு.

— அவரு குறட்டை விடுறாரு. சென்னையில எனக்குப் பதிலா நீ போயி நெஞ்சக் காட்டுன. அங்க யாரு காட்டுறது?

— ம்.

— எட்டாவது படிக்கறப்ப வந்த டிபிண்ணே. பதினஞ்சு வருஷம் ஆச்சு. ஒருநாள் இருமுனதில்ல. ஏஜெண்டு சக்கரபாணி இதச் சொல்லவே இல்லியே!

— ஏத்தி விட்டதோட அவன் வேலை முடிஞ்சுது. அவன் ஏன் சொல்லுவான்?

— பத்தே நாள்ல திருப்பி அனுப்பிட்டா, இங்க எனக்கு என்ன இருக்குது? அந்த வேலையும் போச்சு. வாயத் தொறண்ணே!

— காலாப்பட்டுல எறங்கிடு.

— எறங்கி?

— வீட்டுக்குப் போ. பாஸ்போர்ட்ட எங்கிட்ட குடு.

— உங்கிட்ட எதுக்கு?

— மெடிக்கல்ல அத வச்சிக்கிட்டுத்தான உள்ள போனேன்? உன் படத்தப் பாத்தான், என் மூஞ்சியப் பாத்தான், உள்ள விட்டான். ஏர்போர்ட்லயும் அதே மூஞ்சிதான். அங்க எக்ஸ்ரே எடுத்தாலும் ஏற்கெனவே தேறுன நெஞ்சுதான்.

— மாட்டுனா ஜெயிலு!

— மாட்டுனா எனக்கு. உனக்குப் பொண்டாட்டி இருக்குறா, மெரினு. எனக்கு யாரு?

— உனக்கு ஒரு பெட்ஷீட்ட மடிக்கத் தெரியுமா?

— கத்துக்குவேன். திட்டு வாங்கிக் கத்துக்குவேன்.

— அப்ப நான் யாருண்ணே? ஜெஸ்டின் ஃப்ளைட் ஏறிட்டான்னா, நாளைக்குத் தெருவுல நடக்குறவன் யாரு?

— ரெண்டு வருஷத்துக்கு நீ ஆரோக்கியம். பழைய ஹோட்டல் பக்கம் போகாத. கோயிலுக்குப் போனாலும் கடைசி பெஞ்சு. சம்பளத்த மெரின் பேருக்கே அனுப்புறேன்.

— எப்படிண்ணே இத்தினி சீக்கிரமா யோசிச்ச?

— காலாப்பட்டு வந்துடுச்சு. பாஸ்போர்ட்டு.

— ... இந்தா.

— டிக்கெட்டு? விசா பேப்பரு?

— எல்லாம் அந்தக் கவர்லதான் இருக்குது. அண்ணே, பெட்டிய எறக்கிக் குடு.

— பெட்டி இருக்கட்டும்.

— என்ன இருக்கட்டும்? மெரின் எனக்குன்னு பாத்துப் பாத்து அடுக்குனதுண்ணே.

— மெரின்தான் அடுக்குனா, எல்லாம் தெரிஞ்சுதான். உள்ள இருக்குறது பூரா என் துணி.