தேளிக் குஞ்சு பிரிக்கறவ

உங்க ஹோம்ல உட்டுட்டுப் போவத்தாம்மா இட்டாந்தேன். இல்லன்னு சொல்லல. கொஞ்சம் இருங்க சிஸ்டரம்மா, மூச்சு வாங்குது. கொடுங்கையூர்லேர்ந்து இவள இடுப்புல வச்சிகினு நடந்தே வந்தோம். மூணு வயசு முடிஞ்சிச்சி, பார்த்தா தெரியாது. அம்மு, சிஸ்டருக்கு வணக்கம் சொல்லு. பேச மாட்டா. தோ, கேட்டாண்ட குந்திகினு கீறா பாருங்க, அது பெரியவ, வேம்பு. எட்டு வயசு.

கையா? தேளி கொட்டிச்சி. தேளின்னா மீனும்மா, மீச வச்சது, ஏரில கெடக்கும். நான் சர்க்காரு மீனு பண்ணைல கூலி. தேளிய தொட்டில வச்சி குஞ்சு பொரிக்க வைக்கிறாங்கோ. சிரிக்காதீங்க, மெய்யாலும்தான். கெண்ட மீனு தலைய ஒடச்சா மூளைக்கு அடியில கடுகாட்டம் ஒண்ணு கீது. அத்த அரச்சி பொட்ட தேளிக்கி ஊசி போட்டுட்டு, மறுநாளு வயித்த அமுக்குனா முட்ட பச்சையா கொட்டும். அப்பாலிக்கா ஆம்பள மீன அறுத்துத்தான்... உங்களாண்ட எப்டி சொல்றது, அதுங்கூட சேக்கணும். ஆமா, ஆம்பள செத்துரும். என் வூட்லயும் அதே கததான். ஆர்பர்ல மூட்ட தூக்கிகினு இருந்த மனுசன், போன மயைக்கி மாரு வலிக்குதுன்னு குந்துனாரு, எய்ந்திரிக்கல.

அயலம்மா. அதெல்லாம் அயுது முடிச்சாச்சி.

பொரிச்ச குஞ்சுக்கு வயித்தாண்ட மஞ்சளா ஒரு பை இருக்கும். அம்மாக்காரி கட்டிக் குடுத்த சோறுன்னு வச்சிக்கோங்களேன். அது கீற வரிக்கும் ஒண்ணு மேல ஒண்ணு படுத்துகினு ஒத்துமையா கெடக்கும். அது தீந்து வாய் தொறக்க சொல்லோ தீனி போட்டே ஆவணும். கோயி முட்டைய அவிச்சி மஞ்சக்கருவ துணில வடிகட்டி ஊத்துவோம். வெள்ளக்கரு எங்களுக்கு. நான் எங்க துன்றது, முந்தானைல முடிஞ்சிகினு இவளுக்குன்னு எட்தாருவேன். கஞ்சியும் அதுவும் சட்டில மூடி வச்சிட்டு வேலைக்கி பூடுவேன். பொயுது சாஞ்சி வந்தா சட்டி கய்வி கவுத்து கீது. தங்கச்சி துன்னாளாடின்னு கேட்டா துன்னாம்பா பெரியவ. நம்பிட்டேன். ஆஸ்பத்திரில டாக்டரு இவ வயித்த தொட்டுப் பாத்துட்டு, வியாதி ஒண்ணும் இல்ல, சோறே போடறதில்லியா நீன்னு என்னியப் பாத்து கேட்டுட்டாரும்மா.

அடிக்கல. எப்டிம்மா அடிக்கறது? பசிச்சிதும்மா, நான்தான் துன்னேன்னு சொல்லுச்சி பெரிசு. நான் ஆக்கி வைக்கறதே ஒருத்திக்கித்தான் காணும்.

தொட்டிலயும் இதே பேஜாருதான். தீனி பத்தாங்காட்டி ஒண்ணு ரெண்டு குஞ்சு மட்டும் திடீர்னு பெருத்துரும். பெருத்தது கூடப் பொறந்தத வாலப் புடிச்சி முயுங்கும். அதும் மேல இன்னா தப்பு? காலைல போனதும் அதுங்கள பிரிக்கறதுதான் என் வேல. புதுசா வந்த தாவூது, பாவமா கீதேன்னு மெலிஞ்சத மொண்டு வேற தொட்டில உட்டான். அல்லாம் செத்து மெதந்துச்சி. மெலிஞ்சத தொடவே கூடாதும்மா, எடம் மாறினா தாங்காது. பெருத்ததத்தான் எடுக்கணும். அது எங்க உட்டாலும் பொயச்சிக்கும்.

அய்ய, இவளுக்கு இன்னாத்துக்கு கை நீட்றீங்கோ? இவ இல்லம்மா. இவ என்னாண்டயே கெடக்கட்டும்.

மெல்ல பேசுங்க, அவ காதுல வுயப் போவுது. நல்ல பொண்ணும்மா. தண்ணி தூக்கும், பாத்திரம் தேய்க்கும். ராத்திரில பொரண்டு பொரண்டு தங்கச்சிய தேடும், திட்டாதீங்கோ. இன்னிக்கி மட்டும் போதும் போதும்ன்ற வரிக்கும் சோறு போட்டுடுங்க.

அவளுக்கு இன்னும் தெரியாது. சின்னதத்தான் உடப் போறோம்னு சொல்லி இட்டாந்தேன். நான் இனிமே துன்னவே மாட்டேம்மா, பாப்பாவ உட்றாதன்னு கல்மண்டபம் வரிக்கும் அயுதுகினே வந்தா.