நல்ல கை

சக்கர நாற்காலி வாங்குகிறவர்கள் முதலில் வீட்டுக் கதவுகளின் அகலத்தை அளந்துகொள்வது நல்லது. நாங்கள் அளக்கவில்லை. என் கணவருக்காக வாங்கிய நாற்காலி பின்னறைக்குள் நன்றாகச் சுற்றும். கூடத்துக்கு வரும் கதவில் மட்டும் இரண்டு பக்கமும் முட்டி நின்றுவிடும். தச்சரை வைத்து நிலையைப் பெயர்த்துவிடலாம் என்றான் மகன். வேண்டாம் என்றேன். கூடம் நாலு பேர் வந்து உட்காரும் இடம்.

துக்கத்துக்கு வந்த நீங்கள் அவரை நோயாளியாகக்கூடப் பார்த்ததில்லை, பிணமாகத்தான் பார்த்தீர்கள். அவர் பஸ் டிப்போவை ஆண்டவர். வாசலில் அவர் செருமினால் டிரைவர்களின் சிகரெட் நெருப்போடு சட்டைப்பைக்குள் போகும். அப்படிப்பட்டவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போனது. மலம் அள்ளினேன், எச்சில் துடைத்தேன், ஸ்பூனில் ஊட்டினேன். முகம் சுளித்ததில்லை. என்னால் தாங்க முடியாமல் போனது அந்த அழுகை. யார் வந்தாலும் அழுவார். டாக்டரிடம் சொன்னேன். "அது நரம்பு செய்யற வேலைம்மா, அவர் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். மற்றவர் வீட்டு மானத்தைப் பற்றி டாக்டர்கள் இப்படித்தான் எளிதாகப் பேசுவார்கள்.

குடித்துவிட்டு வேலைக்கு வந்ததற்காக இவர் வீட்டுக்கு அனுப்பிய கண்டக்டர் ஒருவன் நலம் விசாரிக்க வந்தான். வேடிக்கை பார்க்க வந்தான் என்று சொல்வதே சரி. இவர் அவன் கையைத் தன் இடது கையால் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தேம்பினார். "விடுங்கய்யா, பழசெல்லாம் எதுக்கு" என்றான் அவன், பெரிய மனிதனைப் போல. வெளியே போய், கூட வந்தவனிடம், "புலி பூனையாயிடுச்சுடா" என்றது எனக்குக் கேட்டது. அன்றோடு விருந்தாளிகளை நிறுத்தினேன்.

நிறுத்த முடியாமல் போனது பிசியோதெரபிஸ்ட்டை. வாய் ஓயாத பெண். என் கணவரைத் தாத்தா என்று கூப்பிட்டாள். அவரும் பல்லைக் காட்டினார். "நல்ல கைக்கு லீவு குடுங்கம்மா. எல்லா வேலையும் அதுவே செஞ்சுட்டா, சோம்பேறிக் கை எப்ப எந்திரிக்கும்? தினமும் கொஞ்ச நேரம் உறை போட்டுவிடுங்க. ஆனா நீங்க பக்கத்துலயே இருக்கணும்" என்றாள். தடித்த துணியை மடித்து, மணிக்கட்டில் நாடா வைத்து, உறையை நானே தைத்தேன். என் தையலில் குறை சொல்ல யாராலும் முடியாது.

பலன் கிடைத்தது. விழுந்த கை டம்ளரைப் பிடித்தது. பேச்சும் துளித்துளியாக வந்தது. முதலில் வந்த சொல், தம்பி.

அவர் தம்பியைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. எங்கள் வீட்டுத் துணிகளை இஸ்திரி போட்டவளின் மகளைக் கட்டிக்கொண்டவன். அவனைத் தெருவில் நிறுத்தி அறைந்து துரத்தியவர் இவர். அறையச் சொன்னவள் நான். அன்றைக்கு இவர் கை நடுங்கவில்லை.

ஒருநாள் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக இவர் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தால், அந்தப் பெண் தன் போனை இவர் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். "தம்பி... வா... என்... தப்பு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தீங்களாம்மா, தாத்தா சேத்துச் சேத்துப் பேசிட்டாரு" என்றாள். பார்த்தேன். இத்தனை மாதப் பயிற்சியும் இஸ்திரிக்காரியின் மருமகனிடம் மன்னிப்புக் கேட்பதற்குத்தான் என்று தெரிந்தது.

அவளை இனி வர வேண்டாம் என்று அனுப்பினேன். இவரிடம், "இதுக்கு மேல முன்னேற்றம் இருக்காதாம், அவளே சொல்லிட்டுப் போயிட்டா" என்றேன். நம்பிவிட்டார். நான் சொல்லி அவர் நம்பாதது எதுவுமில்லை. உறையை மட்டும் நான் விடவில்லை. காலையில் போட்டு, படுக்கும்போது கழற்றுவேன். நாடாவை நாற்காலியின் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டினேன். அவள் சொன்னதைத்தான் செய்தேன், கொஞ்சம் கூடுதலாக.

அந்தத் தம்பி ஒரு காலையில் வந்து கேட்டுக்கு வெளியே நின்றான். உள்ளே வரக் கூடாது என்பது நினைவிருந்தது.

"அண்ணி, அண்ணனைப் பாத்துட்டுப் போயிடறேன்."

"பாக்கறதுக்கு அவர் என்ன கண்காட்சியா?"

"அண்ணனே கூப்பிட்டாரு அண்ணி. தூரத்துல நின்னாகூடப் போதும்."

"உங்க அண்ணன் செத்தாகூட உனக்குச் சொல்லி அனுப்ப மாட்டேன். போ."

அவன் குரல் பின்னறை வரை எட்டியிருக்க வேண்டும். உள்ளே நாற்காலி உருண்டு கதவில் முட்டியது. மறுபடி முட்டியது. பிறகு "தம்பி" என்று ஒரு சத்தம், தெளிவாக. பிறகு எதுவோ சாய்ந்து விழுந்தது. அவன் என் முகத்தைப் பார்த்தான். "வேலைக்காரி பாத்திரத்தப் போட்டுட்டா" என்றேன். எங்கள் வீட்டில் வேலைக்காரி கிடையாது. தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். அவன் மறைந்த பிறகு கேட்டைப் பூட்டினேன்.

எழுந்து நடக்கப் பார்த்திருக்கிறார். கட்டிய கை விடவில்லை; நாற்காலி அவரையும் இழுத்துக்கொண்டு கவிழ்ந்துவிட்டது. அதன் கைப்பிடி மார்பை அழுத்த, குப்புறக் கிடந்தார். மூச்சு இருந்தது. சுருக்கு முடிச்சுத்தான், ஒரு இழுப்பில் அவிழும். நான் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"உங்க தம்பி போயிட்டான்" என்றேன்.

அழ ஆரம்பித்தார். அந்த நிலையிலும் அழுகை.

"அழுகைய நிறுத்துங்க. நிறுத்துனா அவுத்து விடறேன்" என்றேன்.

உடனே நிறுத்த அவரால் முடியவில்லை. நான் அவசரப்படுத்தவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கடைசியில் நிறுத்திவிட்டார். அந்த முகத்தில் பழைய கம்பீரம் வந்திருந்தது.

நான் சொன்ன சொல் தவறுகிறவள் இல்லை. எழுந்துபோய் முடிச்சை அவிழ்த்துவிட்டேன்.