வாசலில் கழட்டிய செருப்பு

"என்ற செருப்பத்தான் தப்பாக் காட்டிப்போட்டாங்க" என்றார் முன்சீட்டுக்காரர். சேலத்திலிருந்து திருச்செங்கோடு போகும் பேருந்து அது. தறிக்காரர் வீட்டில் பிறந்து பேராசிரியரான அவர் மகள், தன் கதையைப் புத்தகமாக எழுதியிருக்கிறாள். அதை நாடகமாகப் போட, அவரும் மனைவியும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

"ஏனுங்க, செருப்புல என்னங்க தப்பு?"

"பிஞ்சத மாட்டி உட்டுட்டாங்க புள்ள. அவளக் காலேஜுல சேக்கறதுக்குன்னு நான் புதுசு வாங்கிப் போட்டுட்டுப் போனேன்."

"பிரின்ஸ்பால் ரூம் வாசல்ல கழட்டி வெச்சது நெசந்தானுங்களா?"

"நெசந்தான். ஆனா அவ எனக்கு முன்னாலயே உள்ள போயிட்டாளே, அவளுக்கு எப்படித் தெரியும்?"

"திரும்பிப் பாத்திருப்பாளுங்க."

ஆட்டையாம்பட்டியில் பேருந்து நின்றபோது அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அவ பாக்கலைன்னு தெரிஞ்சுதான் புள்ள கழட்டுனேன்."