இரண்டு முறை ஒலித்த கோடரி

இந்த நாற்காலி வசதியாகத்தான் இருக்கிறது, சார். நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவனுக்கு, உட்காரச் சொன்னாலே பாதி அலுப்பு போய்விடும். எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. வில்லையைச் சட்டத்துக்கு ஏற்றபடி சாணை பிடிப்பது, உடைந்த காதுக்கம்பியை ஒட்டிக் கொடுப்பது, வில்லையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிக் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது, இதுதான் என் பிழைப்பு. மயிரிழைக் கீறல்கூட என் கண்ணுக்குத் தப்பாது. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். எப்படிச் சுற்றினாலும் நீங்கள் அங்கேதான் வந்து நிற்பீர்கள்.

இரும்படிக்கக் கற்றுக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தது என் தம்பி. பழைய லாரிக் கொட்டகை ஒன்றில் ஒரு பெண் பட்டறை வைத்திருக்கிறாள். விடுமுறை நாட்களில் எங்களைப் போன்ற கற்றுக்குட்டிகளுக்குச் சொல்லிக்கொடுப்பாள். யார் போனாலும் முதல் வேலை டோமஹாக்தான். கையால் எறியக்கூடிய சின்னக் கோடரி. பட்டை இரும்பைக் காய்ச்சி, ஒரு தடிக்கம்பியைச் சுற்றி நடுவில் மடித்தால், கைப்பிடி நுழைகிற துளை வந்துவிடும். மிச்சமுள்ள இரண்டு பக்கங்களையும் ஒன்றோடொன்று சேர்த்து, வெண்காரம் தூவி, கண் கூசும் மஞ்சள் நிறம் வரும்வரை காய்ச்சி அடிக்க வேண்டும். அப்போது இரண்டும் ஒரே இரும்பாகிவிடும். நிறம் இறங்கிய பிறகு அடித்தால் ஒட்டாது. ஒட்டிய மாதிரி பாசாங்கு பண்ணும்.

தம்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவனுக்கு எதுவும் முதல் தடவையே கைகூடிவிடும். நான் முட்டி தேய விழுந்து எழுந்து பழகிய சைக்கிளை, அவன் ஒரே சாயங்காலத்தில் ஓட்டிவிட்டு வந்து என் கையிலேயே கொடுத்தான். அதற்காகத் தலைகால் புரியாமல் ஆடுகிறவனும் இல்லை. ஆடினால் திட்டியாவது மனதை ஆற்றிக்கொள்ளலாம். "சும்மா குருட்டு அதிர்ஷ்டம்ணா" என்று சொல்லி விட்டுவிடுவான். எனக்கு அவனை மிகவும் பிடிக்கும், சார். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று என் இரும்பு அடுப்பிலிருந்து வெளியே வந்தபோது நல்ல மஞ்சளாகத்தான் இருந்தது. பக்கத்துப் பட்டடையில் தம்பி அடிக்கிறான், பொறி பறக்கிறது, ஒட்டிக்கொண்டு வருகிறது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். திரும்பினால் என்னுடையது சிவந்து போயிருந்தது. மறுபடி அடுப்பில் வைத்திருக்கலாம். அவன் முடித்துவிட்டானே என்ற அவசரத்தில் சிவப்பிலேயே அடித்து முடித்தேன்.

ஆறிய பிறகு கோடரியைத் தட்டிப் பார்ப்பது அந்தப் பட்டறையின் வழக்கம். துளையில் கயிறு கோத்துத் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. கணீரென்று கேட்டால் நன்றாக ஒட்டியிருக்கிறது. பொத்தென்று கேட்டால் உள்ளே பிரிந்திருக்கிறது, திரும்ப அடுப்புக்குத்தான். நான் என்னுடையதை யாரும் பார்க்காதபோது விரலால் சுண்டிப் பார்த்துவிட்டேன். அட்டைப் பெட்டியைச் சுண்டியது போல இருந்தது.

தம்பி கை கழுவப் போயிருந்தான். பட்டறைக்காரி முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பில் கரி தள்ளிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காது போதும்.

"ம், தட்டுங்க சார்."

தம்பியுடையதைத் தட்டினேன். கணீரென்றது.

"இது யாரோடது?"

"தம்பியோடது."

"சரி, உங்களோடதைத் தட்டுங்க."

தம்பியுடையதையே இன்னொரு தடவை தட்டினேன்.

"அண்ணன் தம்பிக்கு ஒரே தொண்டையா இருக்கே" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். இதுவரைக்கும் நடந்ததில் யாருக்கு என்ன நஷ்டம், சொல்லுங்கள். கற்றுக்குட்டி ஒருவன் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டான், அவ்வளவுதான்.

கடையில் வைத்து அந்தப் பிளவை அடைத்தேன். சட்டம் ஒட்டுகிற கறுப்புப் பசையில் இரும்புத்தூள் குழைத்து உள்ளே செலுத்தி, காய்ந்ததும் தேய்த்து, எண்ணெயும் கரியும் பூசினேன். வேலை அவ்வளவு சுத்தம். சுவரில் மாட்டி வைக்கப்போகிற பொருளுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? அதை யாருக்கும் கொடுப்பதாக என் நினைப்பிலேயே இல்லை.

கேட்டது அவன்தான். ஒருநாள் மனைவியோடு கடைக்கு வந்தான். சுவரில் இருந்ததைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணா, இது என்னோடதைவிட அழகா வந்திருக்கு. மாத்திக்கலாமா? நீ செஞ்சது என்கிட்ட இருக்கட்டும், நான் செஞ்சது உன்கிட்ட இருக்கட்டும்."

"குடுத்துடுங்க மாமா" என்றாள் தம்பி மனைவி. "எங்க அண்ணன் செஞ்சதுன்னு ஊரெல்லாம் காட்டிட்டுத் திரிவாரு. ஒரு வாரத்துக்கு எனக்குத் தொல்லை இல்ல."

இது ஒட்டவில்லைடா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவன் என்னை அண்ணாந்து பார்ப்பது போல அன்று பார்த்தான். அப்படி அவன் என்னைப் பார்த்ததே இல்லை. பேசாமல் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டேன்.

பிறகு அவன் வீட்டுப் பின்கட்டில் ஒரு பலகையை நட்டு, எறிந்து பழக ஆரம்பித்தான். எங்களையும் வரச் சொன்னான். என் மனைவி உள்ளே படுத்திருந்தாள். எறிகிறவனுக்குப் பின்னால் இருப்பதுதான் பத்திரம் என்று யாருக்கும் தெரியும். அதனால் தம்பி மனைவி அவனுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். என் மகள் அவள் மடியில் இருந்தாள். சித்தி என்றால் அவளுக்கு உயிர். சித்தி தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தாள். நான் சுவரோரம் தள்ளி இருந்தேன்.

எறிந்ததெல்லாம் குத்திக்கொண்டு நின்றது. பிறகு அவன் பலகையிலிருந்து பிடுங்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தான்.

"தலை லேசா ஆடுற மாதிரி இருக்குண்ணா. பாரேன், உன் கண்ணுக்குத் தெரியாததா."

வானத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். மேகம் மூடிக் கிடந்ததால் நிழலே விழாத சீரான வெளிச்சம். கீறல் பார்க்க அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. பசை உதிர்ந்துபோயிருந்தது. பிளவில் நகம் நுழைந்தது. துளை வாய் திறக்க ஆரம்பித்திருந்தது. கையை ஓங்கும்போதே தலை கழன்றுகொள்ளும்.

"ஒண்ணுமில்ல. கட்டை காய்ஞ்சிருக்கும். எறி" என்றேன்.

நான் ஆசைப்பட்டது மிகச் சின்ன விஷயம், சார். ஒரே ஒரு தடவை அவன் கையில் ஒன்று கெட்டுப்போக வேண்டும். தலை கழன்று தொப்பென்று தரையில் விழும், அவன் வெறும் கட்டையோடு அசடு வழிய நிற்பான், எல்லோரும் சிரிப்போம். அதற்கு மேல் நான் எதையும் நினைக்கவில்லை என்றுதான் உங்களிடம் முதலில் சொன்னேன்.

அவன் தோளுக்கு மேல் ஓங்கினான். தலை முன்னால் போகவில்லை, பின்னால் போனது. சத்தம் எதுவும் கேட்கவில்லை. தம்பி கட்டையைப் பிடித்தபடி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான், கோடரி எங்கே குத்தியிருக்கிறது என்று தேடிக்கொண்டு. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

தம்பி மனைவி மருத்துவமனையிலிருந்து உயிரோடு திரும்பவில்லை. எல்லாக் காரியமும் முடிந்த பிறகு தம்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "நான்தான் சரியா பிடிக்கலையோ, அண்ணா?" என்று கேட்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் ஒன்றைக் கெடுத்துவிட்டதாக நினைத்தான். நான் அவன் முதுகைத் தடவி, "யாருக்கும் வரும்டா" என்றேன். அதைச் சொன்னபோது எனக்குள் ஓர் ஓரத்தில் நிம்மதியாக இருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பட்டறைக்காரி வந்து கோடரித் தலையைக் கேட்டு வாங்கினாளாம். தட்டிப் பார்த்தாளாம். இது நான் கேட்ட ஒலி இல்லை என்று சொன்னாளாம். பிளவுக்குள் மிச்சமிருந்த பசையையும் காட்டியிருக்கிறாள். நல்ல காது அவளுக்கு. அதனால்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

பசை வைத்ததை ஒப்புக்கொண்டேன். இரண்டு தடவை தட்டியதையும் ஒப்புக்கொண்டேன். நீங்கள் திருப்தி அடையாமல் என் மகளைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். தம்பி சொல்லியிருப்பான். கோடரியை அவன் கையில் திருப்பிக் கொடுத்த பிறகு, அவன் போய் நின்று ஓங்குவதற்கு முன்னால், நான் மகளைக் கூப்பிட்டது உண்மை. "இங்க வாம்மா, மூஞ்சில வெயில் அடிக்குது, அப்பா பக்கத்துல உக்காரு" என்றேன். அவள் பாதிப் பின்னலோடு சிணுங்கினாள். நான் எழுந்து போய்ச் சித்தி மடியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தேன்.

தம்பி மனைவி அண்ணாந்து பார்த்தாள். "வெயிலா மாமா?" என்று கேட்டுச் சிரித்தாள். நான் அவளை எழுந்து வரச் சொல்லவில்லை.

சரி சார். அன்று வெயில் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.