எமகண்டத்துக்கு முன் முப்பத்தெட்டாயிரம் பங்கு

தஞ்சாவூரிலிருந்து வந்தீர்களென்றால் வடுவூர் தாண்டியதும் ரோடு கொஞ்சம் தூக்கிப் போட்டிருக்கும். மன்னிக்க வேண்டும். மும்பையிலிருந்து பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற அதிகாரி ஒருவர் மன்னார்குடிக்கு வருகிறார் என்று தெரிந்திருந்தால் யாராவது பள்ளத்தையாவது மூடி வைத்திருப்பார்கள். இப்படி உட்காருங்கள் மாளவிகா மேடம், ஃபேனுக்கு நேராக. நீங்கள் மேஜைமேல் வைத்த காகிதக் கட்டைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. முப்பத்தெட்டாயிரம் பங்குகளையும் விற்றது நான்தான். கணக்கு என் மனைவி விஜயம் பெயரில் இருக்கிறது. ஓடிபி வந்தால் சமையலறையிலிருந்து சத்தமாகப் படிப்பாள், அவள் பங்கு அவ்வளவுதான். அவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

என்னைப் பற்றிக் கேட்டீர்கள். பஞ்சநதம், வயது அறுபத்துமூன்று. வங்கியில் கடன் பிரிவில் இருந்து விருப்ப ஓய்வு. மருதத்துறை அக்ரோ ஃபுட்ஸ் கம்பெனியில் சுயேச்சை இயக்குநர், அதாவது யாரையும் சாராத ஆள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டம் நடக்கும். வறுத்த முந்திரியும் ஒரு கவரும் கொடுப்பார்கள். இரண்டையும் சாராமல் வாங்கிக்கொள்வேன். இயக்குநர்கள் சொந்தக் கம்பெனியின் உள்விவகாரம் தெரிந்துகொண்டு பங்கு வாங்கவோ விற்கவோ கூடாது என்ற விதியை வருஷத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் வகுப்பெடுப்பதும் நான்தான். அதனால் விதி தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன்.

இதைத் தவிர ‘மன்னை முதலீட்டாளர்கள்’ என்று ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறேன். நூற்று நாற்பது பேர். ஆசிரியர்கள், ஓய்வு பெற்றவர்கள், பிள்ளை சிங்கப்பூரிலிருந்து அனுப்புவதை என்ன செய்வதென்று தெரியாத விவசாயிகள். தொலைக்காட்சியில் கோட் போட்ட நிபுணர்கள் ‘நிச்சயமற்ற பொருளாதாரச் சூழல்’ என்று ஆரம்பித்தால் எனக்குச் சிரிப்பு வரும். டெல்டாக்காரனுக்கு இதில் யார் பாடம் எடுப்பது? மேட்டூர் திறந்தால்தான் நாற்று, தண்ணீர் கடைமடைக்கு வந்தால்தான் நடவு. அறுப்பு நேரத்தில் மழை பெய்யாவிட்டால்தான் நெல். அதற்கப்புறமும் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் அதிகம் என்று மூட்டையைத் திருப்பி அனுப்புவான். இத்தனையையும் சிரித்துக்கொண்டே தாங்குகிற ஜனங்கள் பங்குச் சந்தைக்கு வந்தால் எவ்வளவு நல்ல வாடிக்கையாளர்கள் என்று யோசித்துப் பாருங்கள். விலை விழுந்தால்கூட என்னைக் கேட்க மாட்டார்கள், வானத்தைத்தான் பார்ப்பார்கள்.

மில் திருத்துறைப்பூண்டி தாண்டி, வேதாரண்யம் ரோட்டில் இருக்கிறது. நெல்லை ஒரு நாள் ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, காயவைத்து அரைக்கிற புழுங்கலரிசி மில். ஆவிக்கு உமியில் எரிகிற ஒரே ஒரு பாய்லர். அதை இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டவர் வீரையன். மூன்று மா, அதாவது ஓர் ஏக்கர் நிலம் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடியும் செய்தார். போன வருஷம் சம்பா விற்ற பணத்தில் எங்கள் கம்பெனியில் நானூறு பங்கு வாங்கிக் கொடுத்தேன். அன்றைக்கு அவர் கேட்டது நன்றாக நினைவிருக்கிறது.

“அப்ப நானும் முதலாளிங்களா சார்?”

“ஆமாம் வீரையன். சின்ன முதலாளி.”

அதற்கப்புறம் அந்த மனுஷன் மில்லில் எரிகிற வெட்டி லைட்டையெல்லாம் அணைத்துக்கொண்டு திரிந்தார். கீழே சிந்திய நெல்லைத் தானே கூட்டி அள்ளுவார். இப்படி ஒரு பங்குதாரரை நீங்கள் மும்பையில் பார்த்திருக்க மாட்டீர்கள்.

ஜூலை கடைசி வெள்ளிக்கிழமை மாலை நாலு பத்துக்கு அந்த மெயில் வந்தது. மார்க்கெட் மூன்றரைக்கே மூடிவிட்டது. அந்த நாற்பது நிமிஷத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இரண்டு மணிக்கு வந்திருந்தால் யாருக்கும் எந்தக் கஷ்டமும் இருந்திருக்காது. இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய இன்ஜினியரின் அறிக்கை அது. பாய்லர் உருளையின் பற்றவைப்பில் விரிசல், சேஃப்டி வால்வு துருவேறி இறுகிக் கிடக்கிறது, எந்த நேரமும் வெடிக்கலாம், உடனே நிறுத்துங்கள் என்று எழுதியிருந்தார். புது பாய்லர் வர நான்கு மாதம் ஆகும். நான்கு மாதம் மில் இல்லை என்றால் நூற்றுப்பன்னிரண்டு ரூபாய்ப் பங்கு முப்பதுக்கு வரும். ஆறு வருஷமாகச் சேர்த்தது எல்லாம் அதில்தான் இருந்தது.

மேனேஜிங் டைரக்டர் ராஜ்குமார் போன் செய்தார். அப்பா விட்டுப்போன மில்லை நடத்துகிற நல்ல பையன், யோசிக்கிற வேலையை மட்டும் என்னிடம் கொடுத்துவிடுவார்.

“சார், இன்னைக்கே அணைச்சிடலாம் சார். திங்கக்கிழமை ஆடிப்பெருக்கு, எப்படியும் லீவு. அப்படியே மூடிட்டு அறிவிச்சிடலாம்.”

“அவசரப்படாதீங்க தம்பி. திங்கக்கிழமை மார்க்கெட் முடிஞ்சதும் அறிவிப்போம். அதுவரைக்கும் மில்லு ஓடட்டும். திடீர்னு நிறுத்தினா சின்ன முதலீட்டாளருங்க பயந்துடுவாங்க.”

“ஆடிப்பெருக்கு அன்னைக்கு மில்லு ஓடினதே இல்லீங்களே.”

“அதனாலதான் ஓடணும்.”

சின்ன முதலீட்டாளர் என்று சொன்னால் ராஜ்குமாருக்கு மறுபேச்சு வராது. நான் சொன்னது பொய்யும் அல்ல. முப்பத்தெட்டாயிரம் பங்கு வைத்திருப்பவன் பெரிய முதலீட்டாளர் இல்லையே.

இப்போது என் சிக்கலைக் கொஞ்சம் பாருங்கள். எங்கள் பங்கு நாளொன்றுக்கு இரண்டாயிரம் கைமாறினாலே பெரிய விஷயம். விற்பதற்கு ஒருவன் இருந்தால் வாங்குவதற்கு ஒருவன் வேண்டும். இந்தச் சின்ன உண்மையை எந்த நிபுணரும் தொலைக்காட்சியில் சொல்வதில்லை. எனக்கு ஒரே காலையில் நிறையப் பேர் தேவைப்பட்டார்கள். அப்போதுதான் காலண்டரைக் கிழித்துப் பார்த்தேன். பதினெட்டாம் பெருக்கன்று தொட்டது பெருகும் என்று குண்டுமணித் தங்கமாவது வாங்குகிற ஊர் இது. திங்கட்கிழமை இராகு காலம் ஒன்பதுக்கு முடிகிறது, மார்க்கெட் ஒன்பதே காலுக்குத் திறக்கிறது. பத்தரைக்கு எமகண்டம். அதற்கப்புறம் எங்கள் ஆட்கள் ஒரு ரூபாய்க்கு உப்புகூட வாங்க மாட்டார்கள். ஆக எனக்கு ஒன்றேகால் மணி நேரம். பஞ்சாங்கம் இவ்வளவு ஒத்துழைத்தது எனக்கே ஆச்சரியம்.

சனிக்கிழமை குழுவில் எழுதினேன். தங்கம் விற்கிற விலையில் நாமெல்லாம் வாங்க முடியுமா, பெருக்கு நாளில் நம் மண்ணின் கம்பெனியை வாங்குவோம், ஆர்டர் குவிந்து கிடப்பதால் அன்றைக்கும் மில் ஓடுகிறது, புகையை நீங்களே பார்க்கலாம் என்று. நூற்றுப்பத்துப் பேர் கைகூப்பிய படம் போட்டார்கள்.

புகைக்கு வீரையன் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டு நெல்லை ஊறப்போடச் சொன்னேன். தயங்கினார். கலைமகள், அவர் மனைவி, ஆற்றங்கரையில் வெல்லம் கலந்து படைக்கிற காப்பரிசிக்கு அரிசி ஊறவைத்திருக்கிறாளாம். குடும்பத்தோடு போவதுதான் வழக்கமாம். இரட்டைச் சம்பளம் என்றேன், அதற்கு அவர் அசையவில்லை. நம் கம்பெனிக்கு முக்கியமான நாள், நீங்களே முன்னால் நிற்க வேண்டாமா என்றேன். உடனே சரிங்க என்றார். சம்பளத்தைவிடப் பங்கு வலியது என்று நான் குழுவில் அடிக்கடி சொல்வேன், அது எவ்வளவு சரி பாருங்கள்.

அறிக்கையைப் பற்றி அவரிடம் சொன்னீர்களா என்று கேட்கிறீர்கள். எப்படிச் சொல்ல முடியும்? அது வெளியிடப்படாத உள்தகவல். வெளியாரிடம் சொல்வது உங்கள் சட்டப்படியே குற்றம்.

திங்கட்கிழமை எட்டே முக்காலுக்கு வீரையன் வீடியோ அனுப்பினார். பின்னால் புகைபோக்கியிலிருந்து நல்ல கறுப்புப் புகை. நெற்றியில் விபூதியோடு கும்பிட்டுவிட்டு, “எல்லாருக்கும் வணக்கமுங்க. நம்ம மில்லு ஜோரா ஓடுதுங்க” என்றார். அதைக் குழுவில் போட்டேன். ஒன்பதே காலுக்கு வாங்குகிறவர்கள் வரிசை கட்டி நின்றார்கள். ஒரேயடியாக விற்றால் விலை விழும் என்பதால் ஐந்நூறு, எழுநூறு என்று நிதானமாக விட்டேன். இருபது வருஷ அனுபவத்தில் அவ்வளவு சுத்தமாக நான் விற்றதில்லை. விஜயம் இட்லி கொண்டுவந்து வைத்தாள், ஆறிப்போனது.

பத்து ஐந்துக்கு என் போனுக்கு ஓர் அழைப்பு வந்ததாக உங்கள் பட்டியலில் இருக்கிறது. வீரையன்தான்.

“சார், எம்.டி. எடுக்க மாட்டேங்குறாருங்க. மீட்டரு முள்ளு சிவப்புக் கோட்டத் தாண்டி நிக்குது. வால்வு தூக்கவே மாட்டேங்குது. உள்ள என்னமோ முனகுற மாரி சத்தம் வருதுங்க. தீய இழுத்துப் போட்டு அணைச்சிடவாங்க?”

என்னிடம் இன்னும் ஆறாயிரத்து நானூறு பங்கு இருந்தது. அணைத்தால் புகை நிற்கும். மில் வாசலில் டீ குடிப்பவர்களில் மூன்று பேர் நம் குழுவில் இருக்கிறார்கள்.

“ஊறின நெல்லு என்ன ஆகும் வீரையன்?”

“நாத்தம் எடுத்துரும். போனாப் போவுதுங்க சார்.”

“அது உங்க நெல்லும்தானே. இருபத்தஞ்சு நிமிஷம் பாருங்க. பத்தரைக்கு அணைச்சிடலாம்.”

“சரிங்க சார். பீகாரு ஆளுங்க ரெண்டு பேர வெளிய அனுப்பிட்டு நான் மட்டும் நின்னுக்கறேன்” என்றார்.

இடர் மேலாண்மை என்றால் அதுதான் மேடம். யாரும் அவருக்கு வகுப்பெடுக்கவில்லை. மூன்று உயிர் என்று இருந்திருக்க வேண்டியதை ஒன்றாகக் குறைத்தார். எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு, வருத்தமும் உண்டு. துக்க வீட்டுக்கு ஆயிரத்தொரு ரூபாய் மாலையோடு போனேன். கலைமகள் அன்று காலை ஆற்றங்கரையில் மாற்றிய மஞ்சள் கயிறு, சாயம்கூடப் போகாமல் கழுத்தில் இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, “கடைசியா உங்ககிட்டதான் சார் பேசினாரு, என்ன சொன்னாரு?” என்று கேட்டாள். மில்லைப் பற்றித்தான் பேசினார் என்றேன். அது உண்மைதானே.

குழுவில் யாரும் என்னைத் திட்டவில்லை. பங்கு மறுநாளிலிருந்து வாங்க ஆளே இல்லாமல் தினமும் அடிவிலையில் பூட்டிக்கொண்டது. விதி, என்ன செய்வது என்று எழுதினார்கள். சார் நீங்களும் நஷ்டப்பட்டிருப்பீர்களே என்று இரண்டு பேர் ஆறுதல் சொன்னார்கள். நன்றி என்று பதில் போட்டேன்.

எழுதிக்கொண்டீர்களா? தெரிந்துதான் விற்றேன். தெரிந்துதான் ஓடவைத்தேன். தெரிந்துதான் அவரை நிற்கச் சொன்னேன். கையெழுத்து எங்கே என்று காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் உங்கள் பட்டியலில் ஒரு பிழை இருக்கிறது, அதைத் திருத்தாமல் போட மனம் வரவில்லை. பாய்லர் வெடித்தது பத்து இருபத்தாறுக்கு. திருத்துறைப்பூண்டி முழுக்க அந்தச் சத்தம் கேட்டிருக்கிறது. அப்படியென்றால் அதற்குப் பின் பத்து இருபத்தெட்டு வரை நான் விற்ற ஆயிரத்து நூறு பங்கு ஊரறிந்த செய்தியின் பேரில் நடந்த விற்பனை. அதை உள்தகவல் என்று சேர்ப்பது நியாயமில்லை, கழித்துவிடுங்கள்.

அதிலேயே கடைசி வரி, பத்து இருபத்தெட்டு, நூறு பங்கு. வாங்கியவர் கணக்கு வீரையன் பெயரில் இருக்கிறது. மகள் ஷோபனா ஆற்றங்கரையில் நின்றுகொண்டு, அப்பா சொன்னபடி எமகண்டத்துக்கு முன்னால் போனில் வாங்கியிருக்கிறாள். அப்போது அவர் இறந்து இரண்டு நிமிஷம். இறந்தவர் பெயரில் நடந்த வியாபாரம் செல்லுமா என்று உங்கள் சட்டத்தில் பார்த்துச் சொல்லுங்கள். செல்லாது என்றால் அந்தப் பத்தாயிரத்து எண்ணூறு ரூபாயை இப்போதே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். அடுத்தவர் காசு எனக்கு என்றைக்கும் ஒத்துக்கொண்டதில்லை.