தொட்டி நீரில் என்னை உட்காரவைத்தது பற்றி

என் பெயரும் கதவு எண்ணும் முதல் தாளில் உள்ளபடி. வயது முப்பத்து நான்கு. வீட்டில் எல்லோரும் என்னைப் பொடிசு என்று கூப்பிடுவார்கள். திரைச்சீலை தைக்கும் வேலை செய்கிறேன். என் கணவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துபவர். தற்போது தீக்காயப் பிரிவில் சிகிச்சையில் இருக்கிறேன். நல்ல நினைவோடு, யாரும் சொல்லித் தராமல் சொல்கிறேன்.

எங்கள் வீட்டு மொட்டை மாடியில், பச்சை வலைப் பந்தலுக்கு அடியில் மீன் தொட்டி ஒன்று இருக்கிறது. உள்ளே உட்கார்ந்தால் தண்ணீர் கழுத்து வரை வரும். அந்தத் தண்ணீர் மோட்டாரில் மேலேறி, சரளைக்கல்லில் வளரும் கீரைக்கும் தக்காளிக்கும் உரமாகி, தெளிந்து மறுபடி தொட்டியிலேயே விழும். அந்தச் சத்தத்தில்தான் நான் கீழே உட்கார்ந்து தைப்பேன். நாள் முழுக்க எங்கோ ஒரு வீட்டில் மட்டும் மழை பெய்வது போலிருக்கும். அண்டை வீட்டுப் பெண்கள், "உனக்கு ஒண்ணு ரெண்டு இல்லடி, தொட்டி நிறைய சக்களத்தி" என்று கேலி செய்வார்கள்.

தண்ணீரின் பி.எச். அளவை என் கணவர் காலையில் கண்ணாடிக் குழாயில் சொட்டு மருந்து விட்டு, நிறம் பார்த்துச் சொல்வார். ஏழுக்குச் சற்றுக் கீழே நின்றால் மீனுக்கும் செடிக்கும் ஒத்துப்போகும். முதல் சில மாதம் அது இறங்கவே இல்லை. அதன் பிறகு கல்லில் நுண்ணுயிர்கள் குடியேறியதும் தானாக இறங்கிக்கொண்டே போனது. அப்போது கிளிஞ்சல் தூளைத் துணியில் முடிந்து தொட்டியில் தொங்கவிட்டார். இந்தக் கோடையில் லாரித் தண்ணீர் வாங்க வேண்டி வந்தது. அது கடினமான தண்ணீர். அளவு எட்டைத் தாண்டி, கீரையின் தளிர்கள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடமெல்லாம் மஞ்சளாகிவிட்டன. அதனால் தனி டிரம்மில் தண்ணீர் பிடித்து, அதில் கொஞ்சமாக ஆசிட் கலந்து, மறுநாள் சோதித்த பிறகே தொட்டிக்கு விடுவார். "ஒரே நாள்ல மாத்துனா மீன் தாங்காது" என்பார்.

சம்பவத்தன்று காலையில் எங்களுக்குள் சண்டை நடந்தது உண்மை. "நீங்களும் உங்க மீனும்! இங்க நான் ஒருத்தி இருக்கேன்" என்று நான் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். அதன் பிறகு மதியம் மின்சாரம் நின்று, மழைச் சத்தமும் நின்றது. தையலை விட்டு மேலே போனேன். மீனுக்கு மூச்சு முட்டக் கூடாதென்று அவர் குவளையால் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் போய்விட்டது. வெயிலில் கிடந்த ஆசிட் பாட்டிலை நிழலில் வைக்கலாமென்று நானாகத்தான் எடுத்தேன். வெயிலில் இற்றுப்போயிருந்த பிளாஸ்டிக் பாட்டில் என் பிடியிலேயே உடைந்து, வலது கை, மடி, புடவை எல்லாம் நனைந்தது. அவர் அருகில்கூட இல்லை.

குழாயில் தண்ணீர் இல்லை. லாரி வராததால் மேல்நிலைத் தொட்டி காலி. அவர் ஓடிவந்து என்னை அப்படியே தூக்கி மீன் தொட்டிக்குள் உட்காரவைத்தார். அதன் பிறகு நடந்தது எனக்குக் கனவு போலத்தான் நினைவில் இருக்கிறது. பந்தல் வழியே வெளிச்சம் பச்சைப் பச்சையாக அசைந்தது. புடவை விரிந்து மிதந்தது. எரிச்சல் என்னுடையதே அல்ல, பக்கத்து அறையில் யாருக்கோ எரிகிறது என்று தோன்றியது. மீன்கள் என் பாதத்தை உரசிப் போயின. பிறகு ஒவ்வொன்றாகச் சாய்ந்து, வெள்ளை வயிறு தெரிய, பூ உதிர்ந்தது போல் மேலே வந்து என் கழுத்தைச் சுற்றி நின்றன.

நான், "மீனு..." என்றேன்.

"போகட்டும். எந்திரிக்காதே. கையை உள்ளயே வை" என்றார். ஒவ்வொன்றையும் குஞ்சிலிருந்து வளர்த்தவர், ஒன்றைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எழ முயன்ற என் தோளை இரண்டு கையாலும் பிடித்துத் தாங்கினார்.

அந்த நேரத்தில் அடுத்த தெருவில் இருக்கும் என் அண்ணன், காலைச் சண்டையைக் கேள்விப்பட்டுப் படியேறி வந்தார். கணவர் என்னைத் தண்ணீரில் அமுக்குவதாக எண்ணி அவரை அடித்தார். என் கணவர் அடியை வாங்கிக்கொண்டும் என் தோளை விடவில்லை. எனக்குப் பேச்சு வரவில்லை. அதன் பிறகு மயங்கிவிட்டேன். கண் விழித்தபோதுதான், ஆசிட் ஊற்றிக் கொல்லப் பார்த்ததாக அண்ணன் கொடுத்த புகாரில் அவர் மேல் வழக்கு, அவர் போலீஸ் காவலில் என்று தெரிந்தது.

உடனே தண்ணீரில் வைத்ததால்தான் விரல்கள் பிழைத்தன, மறுபடி தைக்கலாம் என்று டாக்டர் சொல்கிறார். அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "தப்புப் பண்ணிட்டேனே பொடிசு. நானே போய் மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வரேன்" என்றார். தன் புகாரைத் திரும்பப் பெற எழுதித் தருவதாக இப்போது வெளியே காத்திருக்கிறார். என் கணவர் மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை.

நான் சொன்னது முழுவதையும் எழுதியவர் எனக்கு வாசித்துக் காட்டினார். தோளை 'அழுத்தினார்' என்று எழுதியிருந்த இடத்தில் 'தாங்கினார்' என்று மாற்றச் சொன்னேன்; மாற்றப்பட்டது. மற்றதெல்லாம் நான் சொன்னபடியே, நடந்தபடியே உள்ளது. வலது கையில் கட்டு இருப்பதால் இடது பெருவிரல் ரேகை வைக்கிறேன்.

(இடது பெருவிரல் ரேகை)